கண் மறைவில் வைக்காதே

அப்பா மதுரையில் ஒரு பட விநியோகக் கம்பெனியில் ‘ரெப்பு’. படப்பெட்டியோடு பஸ் ஏறிப் போய் டூரிங் கொட்டகையில் ஒப்படைத்து, படம் ஓடும் நாள்வரை அங்கேயே தங்கி, ஆட்டத்துக்கு ஆட்டம் டிக்கெட் கணக்கைச் சரிபார்த்து, வசூலோடும் பெட்டியோடும் திரும்புகிற வேலை. இரண்டரை மணி நேரப் படத்துக்கு 13,000 அடிக்கு மேல் ஃபிலிம் இருக்கும். ரீல், தகர டப்பா, இரும்புப் பெட்டி எல்லாம் சேர்ந்தால் 40 கிலோவைத் தாண்டும். பஸ் கூரையில் ஏற்றி லக்கேஜ் டிக்கெட் வாங்கிய பிறகு அப்பா கடைசி வரிசை ஜன்னலோரமாகத்தான் உட்காருவார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை வெளியே நீட்டி, பின்பக்க ஏணியில் ஏறியவர் எதை இறக்குகிறார் என்று பார்ப்பார்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருமுறை உசிலம்பட்டிப் பக்கம் அவரோடு போனேன். பஸ் மாறுகிற இடத்தில் பெட்டிக்குக் காவலாக என்னை உட்காரவைத்துவிட்டு நேரம் விசாரிக்கப் போனார். திரும்பி வந்தபோது நான் பெட்டியை விட்டுவிட்டு எதிரே டீக்கடையில் வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. “பெட்டிய கண்ணு மறைவுல வைக்காதடா. அது நம்ம பெட்டி இல்ல” என்றார். வடையும் வாங்கிக் கொடுத்தார்.

நான் ஆவணப்பட ஒளிப்பதிவாளன் ஆனேன். 25 வருடங்களுக்கு மேலாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறி இறங்குகிறேன். அப்பாவின் 40 கிலோ எனக்கு 7 கிலோவாகச் சுருங்கியிருக்கிறது. சாதாரண வகுப்புப் பயணிக்கு நம் விமானங்களில் பெரும்பாலும் அனுமதிக்கப்படுகிற கைப்பை எடை அவ்வளவுதான். ஒரு பை, 7 கிலோ.

அந்த 7 கிலோவின் கணக்கைச் சொல்ல வேண்டும். படக்குழுக்களில் எல்லோரும் அறிந்த பெலிக்கன் 1510 என்ற கறுப்புப் பெட்டி இருக்கிறது. தண்ணீர் புகாது, கீழே விழுந்தாலும் உடையாது, கேபினுக்குள் கொண்டுபோகிற அளவுக்கென்றே செய்தது. உள்ளே வைக்கிற நுரைப் பஞ்சோடு வெறும் பெட்டியே 6 கிலோ. மீதி 1 கிலோவில் ஒரு நல்ல கேமராவின் உடம்பும் ஒரு லென்ஸும்கூட அடங்காது. ஆகவே நம் ஊர் ஒளிப்பதிவாளர்கள் பலர் பெட்டியைக் கைவிட்டு, மெல்லிய துணி முதுகுப்பைக்கு மாறினோம். பெட்டி தருகிற பாதுகாப்பைப் பெட்டி இல்லாமல் நம் தோளும் கையும் தரவேண்டியிருக்கிறது. பையை யார்மீதும் இடிக்காமல் நடப்பது, தரையில் வைக்கும்போது முதலில் முழங்காலில் தாங்கி மெல்ல இறக்குவது, மேல்தட்டில் வேறொருவர் தன் பெட்டியைத் திணிக்கும்போது எழுந்து நின்று நாமே இடம் ஒதுக்கிக் கொடுப்பது. இவை உடம்பில் ஊறிப்போனவை. கூட்டமான பேருந்தில் கைக்குழந்தையோடு போகிற அம்மாக்களிடம் இதே அசைவுகளைப் பார்த்திருக்கிறேன்.

ட்ரைபாட், லைட் ஸ்டாண்ட், சார்ஜர், வயர் மூட்டை எல்லாம் கீழே சரக்கறைக்குப் போய்விடும். ட்ரைபாடின் தலையைக் கழற்றி லுங்கியில் சுற்றிவிடுவேன். கேமரா, இரண்டு லென்ஸ், மடிக்கணினி, ஒலிப்பதிவுக் கருவி, பேட்டரிகள், மெமரி கார்டுகள், ஹார்ட் டிஸ்க் கையோடு. புதிதாகச் சேருகிற உதவியாளர்களுக்கு முதல் பாடமாக ஒன்று சொல்வதுண்டு. படப்பிடிப்பில் நாம் ‘கன் மைக்’ என்று சொல்லிப் பழகிய அந்த நீள மைக்குக்கு விமான நிலையத்தில் மைக் என்று மட்டும்தான் பெயர். ‘ஷூட்’ என்ற சொல்லும் வாசலோடு நின்றுவிட வேண்டும். சோதனைக்கு நிற்கிற காவலருக்கு அந்தச் சொற்களைக் கேட்கிற காது வேறு. அவருடைய வேலையை மதிக்க முதலில் நம் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டும்.

என் பைக்குள் இன்னொரு பை உண்டு. ஒரு கல்யாண வீட்டில் தேங்காய் வெற்றிலை போட்டுக் கொடுத்த மஞ்சப்பை. ஹார்ட் டிஸ்க், கார்டுகள், பேட்டரிகள் மூன்றும் அதற்குள்ளேதான் இருக்கும். வெறும் பிரியத்தால் வைத்திருக்கவில்லை. 14 வருடங்களுக்கு முன் ஒரு பயணத்தில் ஏறும் வாசல்வரை போனபின், விமானம் நிறைந்துவிட்டது, மேல்தட்டில் இடமில்லை, பையைக் கீழே அனுப்புங்கள் என்றார்கள். பின்னால் நீண்ட வரிசை. எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்க அரை நிமிடம்தான் இருந்தது. கையில் அகப்பட்ட மடிக்கணினியை மட்டும் உருவிக்கொண்டேன். அன்று மாலை பை வந்து சேர்ந்தபோது லென்ஸின் மவுண்ட் வளைந்திருந்தது. அதைச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் அந்த இரண்டு மணி நேரப் பயணம் முழுக்க நான் நினைத்துக்கொண்டிருந்தது லென்ஸை அல்ல. ஒன்பது நாள் படப்பிடிப்பின் கார்டுகள் அந்தப் பையின் பக்கவாட்டு அறையில் இருந்தன. வேறெங்கும் அவற்றுக்குப் பிரதி இல்லை. அடுத்த பயணத்திலிருந்து மஞ்சப்பை. யார் எப்போது பையைக் கேட்டாலும் ஒரே இழுப்பில் அது என் கைக்கு வந்துவிடும்.

மஞ்சப்பைக்குள் ஒன்றாக இருக்கிற இந்த மூன்று பொருள்களைப் பற்றித்தான் நெடுநாள் யோசித்து வந்திருக்கிறேன். கார்டும் ஹார்ட் டிஸ்க்கும் கையோடு வருவதற்குக் காரணம் அவை அரியவை என்பது. பேட்டரி கையோடு வருவதற்குக் காரணம் அது ஆபத்தானது என்பது.

உலகெங்கும் விமானங்களில் உதிரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்கறைக்கு அனுப்பக் கூடாது, கேபினுக்குள்தான் கொண்டுவர வேண்டும் என்பது விதி. ஆபத்தான பொருளை மனிதர்களிடமிருந்து தூரத்தில் வைப்பதுதானே முறை என்று முதலில் எனக்கும் குழப்பமாக இருந்தது. விளக்கம் எளிமையானது, அச்சமூட்டுவதும்கூட. லித்தியம் செல் ஒன்று உள்ளே பழுதாகிச் சூடேறினால், அந்தச் சூடே அடுத்த வேதிவினையைத் தூண்டும், அது மேலும் சூட்டைக் கிளப்பும், பக்கத்துச் செல்லுக்கும் தாவும். பயணிகள் விமானத்தின் சரக்கறையில் தீயை அணைக்க ஹேலான் வாயு இருக்கிறது. அது சுவாலையை அடக்கும், செல்லின் உள்ளே கொதிக்கிற சூட்டைத் தணிக்காது. தணிக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீரை ஊற்றக் கை வேண்டும். அதற்கு முன்னால், புகைவதைப் பார்க்கக் கண் வேண்டும்.

2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய ஒரு சரக்கு விமானத்தில் 81,000க்கும் மேற்பட்ட லித்தியம் பேட்டரிகள் இருந்தன. சரக்கில் பற்றிய தீயின் புகை விமானி அறையை மூடிவிட்டது. எதிரிலுள்ள கருவிகளைக்கூடப் பார்க்க முடியாத நிலையில் திரும்பி வர முயன்ற விமானிகள் இருவரும் இறந்தார்கள். 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானங்களில் லித்தியம் அயன் பேட்டரிகளைத் தனிச் சரக்காக அனுப்புவது நிறுத்தப்பட்டது. என் பேட்டரிகளின் முனைகளில் டேப் ஒட்டும்போது சில சமயம் அந்த இருவரின் நினைவு வரும். முனையில் ஒரு சாவிக்கொத்தோ நாணயமோ உரசினால் போதும். டேப் ஒட்ட ஆகிற நேரம் பேட்டரிக்குப் பத்து விநாடி.

பேட்டரியின் அளவைச் சொல்வது வாட் மணி. வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் வருவது. 100 வரை தனி அனுமதி இல்லாமலே கொண்டுபோகலாம். 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு உதிரிகள். அதற்கு மேல் கூடவே கூடாது. பெரிய கேமராக்களின் பின்னால் மாட்டுகிற வி-மவுண்ட் பேட்டரி 14.4 வோல்ட், 6.8 ஆம்பியர் மணி. பெருக்கிப் பாருங்கள், 97.92 வரும். கணக்கு தற்செயலாக அமைந்ததல்ல, விதியை மனத்தில் வைத்தே அந்த அளவில் செய்கிறார்கள். கைப்பேசிக்கான 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க்கும் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74தான். பேட்டரியின் முதுகில் இந்த எண் அச்சாகி, அழியாமல் இருக்க வேண்டும். என் பழைய பேட்டரி ஒன்றில் எழுத்து தேய்ந்துபோயிருந்தது. அதை வாங்கிப் பார்த்த சோதனை அதிகாரி, படிக்க முடியாததை நான் எப்படி நம்புவது தம்பி என்று கேட்டார். வயதில் என்னைவிடச் சிறியவர்தான். கேள்வி நியாயமானது. அந்தப் பேட்டரியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

சினிமாவுக்கு இந்த நெருப்பு புதிதல்ல. முதல் அரை நூற்றாண்டு முழுக்க ஃபிலிமே நெருப்பாகத்தான் இருந்தது. நைட்ரேட் ஃபிலிம் ஒருமுறை பற்றினால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே கொடுத்துக்கொண்டு எரியும், தண்ணீருக்குள்ளும் எரியும். ஆவணப்படக்காரர்கள் அனைவருக்கும் மூத்தவரான ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி 1916இல் டொரோண்டோவில் தன் வடதுருவப் படத்தைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது சிகரெட் நெருப்பு விழுந்து ஏறத்தாழ 30,000 அடி நெகட்டிவ் எரிந்துபோனது. மறுபடி வடக்கே போய், மறுபடி அங்குள்ள மக்களோடு தங்கி எடுத்ததுதான் 1922இல் வெளிவந்த ‘நனூக் ஆஃப் த நார்த்’. எரிந்துபோன முதல் படத்தில் இருந்த முகங்கள் எவை என்று இன்று நமக்குத் தெரியாது. நம் கொட்டகைகளில் ஆபரேட்டர் அறைக்குள் பீடி பிடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு, எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் ஃபிலிம் வந்த பிறகும் நெடுங்காலம் இருந்தது. அப்பா அந்த அறை வாசலுக்கு வரும் முன்பே பீடியை அணைத்துவிடுவார். அன்று பெட்டிக்குள் இருந்த பதிவே எரியக்கூடியது. இன்று பதிவை எழுதுகிற மின்சாரம் எரியக்கூடியது. காவல் இன்னும் தேவைப்படுகிறது.

ஃபிலிம் காலத்தின் கடைசிச் சில வருடங்களில் நான் உதவியாளனாக இருந்தேன். அன்றைய கவலை எக்ஸ்ரே. பதிவான, ஆனால் இன்னும் கழுவப்படாத ஃபிலிமின்மேல் கதிர் பட்டால் படத்தில் பனிமூட்டம்போல் படிந்துவிடும். சரக்கறைப் பெட்டிகளைச் சோதிக்கிற கருவிகளின் கதிர் கடுமையானது. அதனால் டப்பாக்களைக் கையில்தான் எடுத்துச் செல்வோம், கையால் சோதிக்கச் சொல்லிக் கெஞ்சுவோம். என் குரு ஒரு வட இந்திய விமான நிலையத்தில் 16 எம்எம் டப்பாக்களோடு நின்றது கண்ணில் நிற்கிறது. அதிகாரி டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்தால் வெளிச்சம் பட்டுவிடும். குரு சேஞ்சிங் பேக்கை எடுத்தார். கறுப்புத் துணியில் இரண்டு கைகள் மட்டும் நுழையும்படி தைத்த, வெளிச்சம் புகாத பை. டப்பாவை அதற்குள் வைத்து ஜிப்பை மூடி, “சாப், நீங்கள் உள்ளே கைவிட்டுத் திறந்து தொட்டுப் பாருங்கள்” என்றார். அதிகாரி தன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் பைக்குள் விட்டார். ஒரு நிமிடத்துக்கு மேல் எங்கோ தூரத்தைப் பார்த்துக்கொண்டு விரல்களால் மட்டும் தேடினார். சுருளின் விளிம்பு, நடுவிலிருந்த துளை. முகம் மெல்ல இளகியது. மூடிக் கொடுக்கும்போது மூடியை இரண்டு முறை அழுத்திப் பார்த்துக் கொடுத்தார். பைக்குள் இருந்த ஃபிலிமில் ஒரு பழங்குடிக் கிராமத்தின் விதைப்புச் சடங்கு இருந்தது. அதைப் பார்க்காமலே தொட்டுப் பத்திரப்படுத்திய முதல் மனிதர் அவர்.

இப்போதைய ஹார்ட் டிஸ்க்கையும் மெமரி கார்டையும் எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது. பல நாடுகளில் புதிதாக வைத்துவருகிற சிடி ஸ்கேனர்களில் மடிக்கணினியைப் பையிலிருந்து வெளியே எடுக்கவும் வேண்டாம். ஆனால் அந்தக் கருவி கழுவாத ஃபிலிமைப் பழைய எக்ஸ்ரேயைவிடக் கடுமையாகப் பாதிக்கும் என்று கோடாக் நிறுவனமே எச்சரிக்கிறது. இன்று ஃபிலிமுக்குத் திரும்புகிற இளைஞர்கள் என்னிடம் வரும்போது, கறுப்புப் பை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

2017 மார்ச்சில் இந்த ஏற்பாடெல்லாம் சில மாதம் தலைகீழானது. மத்தியக் கிழக்கிலும் வட ஆப்பிரிக்காவிலும் இருந்த 10 விமான நிலையங்களிலிருந்து அமெரிக்காவுக்கு நேராகப் போகிறவர்கள் கைப்பேசியைவிடப் பெரிய எந்த மின்னணுக் கருவியையும் கேபினுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அந்த நாடு உத்தரவிட்டது. மடிக்கணினி, டேப்லெட், கேமரா எல்லாம் சரக்கறைக்கு. பிரிட்டனும் ஆறு நாடுகளிலிருந்து வரும் விமானங்களுக்கு அதுபோல் விதித்தது. துபாய், அபுதாபி, தோஹா மூன்றும் அந்தப் பத்தில் இருந்தன. சென்னையிலிருந்து அமெரிக்கா போகிறவர்களில் பாதை மாற்றிக்கொள்ள வேண்டியவர்கள் எத்தனையோ பேர். வெடிகுண்டு அச்சத்துக்காகக் கருவிகளைக் கீழே அனுப்பச் சொல்கிற விதியும், தீ அச்சத்துக்காகப் பேட்டரியை மேலே வைக்கச் சொல்கிற விதியும் ஒன்றுக்கொன்று முரணாக நின்றன. ஜூலைக்குள் அமெரிக்கா அதைத் தளர்த்தியது. நண்பர் ஒருவர் அந்த மாதங்களில் ஒரு படவிழாவுக்குப் போகவேண்டியிருந்தது. வளைகுடாவில் வேலைபார்த்துச் சம்பளம் கிடைக்காமல் திரும்பிய தொழிலாளர்களின் பேட்டிகள் அவர் மடிக்கணினியில் இருந்தன. பெயரை மறைப்பேன், முகத்தை மறைப்பேன் என்று சொல்லி வாங்கிய பேட்டிகள். அந்தக் கணினி தன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் பதினான்கு மணி நேரம் கிடக்கும் என்றால் கொடுத்த வாக்கு என்னாவது? அவர் அந்தப் பயணத்துக்குக் கணினியையே எடுத்துப்போகவில்லை.

விதிகளைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. பயணியாக எனக்கும் உயிர் பத்திரமாக இருக்க வேண்டும். ஆனால் எடைத்தட்டுக்கும் கதிருக்கும் தெரிகிற சுமை வேறு, தூக்குகிறவன் அறிகிற சுமை வேறு என்பதைச் சொல்லியாக வேண்டும். சுங்கத்துறைக்கு வேண்டியது கேமராவின் வரிசை எண். புறப்படும்போதே காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பி வரும்போது வரிக் கேள்வி வராது. பெரிய குழுவென்றால் ஃபிக்கி வழங்குகிற ஏ.டி.ஏ. கார்னெட் என்ற சுங்க ஆவணம் இருக்கிறது, ஒரு வருடம் செல்லும். அந்தப் பட்டியல்களில் ஹார்ட் டிஸ்க் ஒரு எண்ணிக்கை, ஒரு விலை. போகும்போது காலியாக இருந்தது, வரும்போது நிறைந்திருக்கிறது என்பதற்கு அங்கே பத்தி இல்லை. காப்பீட்டிலும் அப்படித்தான். கேமராவுக்குத் தொகை கிடைக்கும். ஒரு கிழவி கண்ணை மூடிக்கொண்டு பாடிய பாட்டுக்கு யார் தொகை போடுவது?

அப்பல்லோ பயணங்களில் சந்திரனுக்குப் போனவர்கள் ஹாஸல்பிளாட் கேமராக்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். திரும்பும் எடையைக் குறைக்க வேண்டியிருந்தது. ஃபிலிம் மகசின்களைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு கேமராக்கள் அங்கே தூசியில் கிடக்கின்றன. அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர்களும் கைப்பையில் என்ன வைப்பது என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இருக்கும்.

யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன்.

பலாலியில் விமான நிலையம் 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னையிலிருந்து விமானம் போகத் தொடங்கியது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. நான் போனது அடுத்த வருடம். சுழல்விசிறி வைத்த ஏடிஆர் ரக விமானம். இந்த ரகத்தில் மேல்தட்டு சிறியது, என் முதுகுப்பை இருக்கைக்கு அடியில் கால்மாட்டில்தான் இருந்தது. வல்வெட்டித்துறைக்குப் போனேன். அங்கே கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. கப்பல் கட்டிய குடும்பங்களின் கடைசி நினைவுகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தொண்ணூறு வயதைக் கடந்த ஓர் ஆச்சி கிடைத்தார். தகப்பனார் தோணி ஓட்டியவர். படகை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டுகள் அவர் நினைவில் இருந்தன. பெண்கள் பாடுகிற பாட்டல்ல அது. திண்ணையில் இருந்துகொண்டு கேட்டுக் கேட்டுப் படிந்தவை. பாடும்போது நடுவில் ஓர் அடி மறந்துபோகும். அந்த இடத்தை வெறும் ராகத்தால் இட்டு நிரப்பி அடுத்த அடிக்குப் போவார். கயிறு இழுக்கிற இடத்தில் அவருடைய வலது கை தானாக மடங்கி நீளும். ஒன்பது நாளில் 30 மணி நேரப் பதிவு. மணிக்கு 45 ஜிபி வீதம் ஏறத்தாழ 1.35 டிபி. அப்பாவின் கணக்கில் 12 படப்பெட்டி, அரை டன்னை நெருங்கும் சுமை. இப்போது தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய, 60 கிராம்கூட வராத ஒரு எஸ்எஸ்டி.

கடைசி நாள் மாலை அதை ஆச்சியிடம் காட்டினேன்.

“என்ர குரல் இப்ப உதுக்குள்ளயோ கிடக்கு?”

“ஓம் ஆச்சி.”

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “துலைஞ்சு போச்சுதெண்டா?”

இரண்டு பிரதி வைத்திருக்கிறேன், ஒன்று என் பையில், ஒன்று என் உதவியாளன் பையில், இருவரும் வேறுவேறு நாளில் ஊர் திரும்புகிறோம், சென்னை போய் மூன்றாவது பிரதி எடுப்பேன் என்றேன். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். மூன்று பிரதி, இரண்டு விதமான சேமிப்பு, ஒன்று வேறு ஊரில். ஆச்சி தலையாட்டிக் கேட்டார். பிறகு, அது எல்லாம் அங்கேதானே இருக்கப் போகுது, எங்களுக்கு ஒண்டு வேணாமோ, என்ர பேத்தி கேக்கோணும் என்றார்.

இதை நான் யோசித்திருக்க வேண்டும். 1981இல் மே மாதத்தின் கடைசி இரவில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகம் அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. அதில் வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் எரிந்தன. ஓலைச்சுவடியின் உயிர் பிரதியில் இருக்கிறது என்பதைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூச்சி அரிக்கும் முன் இன்னொரு ஓலையில் எழுதிவைத்தால்தான் நூல் பிழைக்கும். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சா. அதற்காகவும் அதன் பின்பும் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தது ஒரே நூலின் பல பிரதிகளைத்தான். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலின் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகக் கேட்டு அவர் கலங்கியதை ‘என் சரித்திரம்’ படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். பெட்டி வண்டியிலும் ரயிலிலும் சுவடிக்கட்டுகளை மடியோடு அணைத்துக்கொண்டு அவர் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். சுவடி இருந்த வீட்டுக்கு அச்சுப் புத்தகமாவது திரும்பி வந்தது. நாங்கள் எத்தனை ஊர்களிலிருந்து குரல்களை எடுத்து வந்திருக்கிறோம், எத்தனைக்குத் திருப்பிக் கொடுத்தோம்? எடுத்துவருவதில் நான் காட்டிய கவனத்தில் பாதிகூடக் கொண்டுபோய்க் கொடுப்பதில் காட்டியதில்லை. அது நம்ம பெட்டி இல்ல என்று அப்பா சொன்னதில் பாதியைத்தான் இத்தனை வருடம் கேட்டிருக்கிறேன். ரெப்பின் வேலை பெட்டியைக் காப்பதோடு முடிவதில்லை, உரியவரிடம் திருப்பிச் சேர்ப்பதும்தான்.

சென்னை வந்து பாட்டுகளை மட்டும் பிரித்து, ஒலி சுத்தம் செய்து, ஒரு பென் டிரைவில் ஏற்றினேன். அஞ்சலில் அனுப்ப மனம் வரவில்லை. வளசரவாக்கத்தில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் யாழ்ப்பாணத்தில் தமக்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் ‘ரீச்சர்’. போய்க் கேட்டேன்.

“கொண்டு போறன் தம்பி, அதுக்கென்ன. ஆனா எயார்போர்ட்டில உதுக்குள்ள என்ன இருக்கெண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

யாராவது கொடுத்த பொருளைக் கொண்டுவருகிறீர்களா என்பது விமான நிலையங்களில் கேட்கப்படுகிற கேள்வி. அறியாத பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. ரீச்சர் கேட்டது முற்றிலும் சரி.

மடிக்கணினியைத் திறந்து பென் டிரைவைச் சொருகினேன். வெளியே தண்ணீர் லாரி சத்தமாக இருந்தது, ரீச்சர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். முதல் பாட்டில் ஆச்சி தொண்டையைச் செருமிக்கொள்கிற சத்தத்தை நான் வெட்டவில்லை. நாற்பது நிமிடம் கேட்டோம். மறந்துபோன அடி வருகிற இடத்தில், ராகம் மட்டும் போகும்போது, ரீச்சர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். “அதைத் திருப்பிப் போடுங்கோ.” திருப்பிப் போட்டேன். மூன்று முறை.

பிறகு உள்ளே போய்த் தன் கைப்பையை எடுத்துவந்தார். கடவுச்சீட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைத் திறந்து, பக்கங்களுக்கு நடுவே பென் டிரைவை வைத்து, உறையின் பொத்தானை அழுத்தி மூடினார்.